தெரேசாவின் வண்டிக்குப் பின்சக்கர பிரேக் மாற்றியது

1

இங்கிலாந்தில் மழை பெய்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறார்கள். நான் இந்த ஊருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் முதல் தூறல் விழுந்ததும் என் தலை தானாக மேலே போகிறது. எந்தப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது, ஏரி தாங்குமா என்று பார்க்கிற திண்டிவனத்துக்காரனின் பழக்கம். இங்கே ஏரியும் இல்லை, உடைவதற்குக் கரையும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், குளிர் தொடங்கும் சமயம். ஒரு சனிக்கிழமை காலை என் மகள் தெரேசா காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால், கற்றுக்கொள்பவர்கள் நேராக ரோட்டிலேயே ஓட்டலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பு எழுத்துப் போட்ட அட்டை ஒன்றைக் கட்டிவிட வேண்டும்.

ராத்திரி முழுக்கப் பெய்திருந்தது. ரயில்வே பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. தெரேசா வேகத்தைக் குறைக்காமல் அதில் இறக்கிவிட்டாள். இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கை விரித்தது. அவளுக்கு ஒரே சிரிப்பு. பாலத்தைத் தாண்டியதும் ஒரு முச்சந்தி. காய்கறிப் பையோடு ஒரு கிழவி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

தெரேசா பிரேக்கை அழுத்தினாள். வண்டி அழகாக நின்றது. கிழவிக்கும் எங்களுக்கும் நடுவே இன்னொரு கார் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. கிழவி எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

"டாட், என்ன செய்றீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் என்னிடம் பேசுவது எல்லாம் ஆங்கிலம்தான். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

ஒன்றுமில்லை, ஓட்டு என்றேன். அவள் வண்டியை எடுத்தாள்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து பஸ், லாரி, பிளஷர் கார் எல்லாவற்றிலும் இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்பு டிரம் சுற்றும், கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி. உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. காலால் அழுத்தினால் அவை விரிந்து அண்டாவின் உள்பக்கத்தில் போய் ஒட்டும், சக்கரம் நிற்கும். நல்ல பிரேக்தான். ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் சீக்கிரம் வெளியே வராது. ஷூ ஈரத்தில் வழுக்கும். இங்கே இப்போது டிஸ்க் பிரேக் என்று வந்திருக்கிறது. அண்டாவுக்குப் பதில் ஒரு தட்டு. அது திறந்த வெளியில் சுற்றும், இரண்டு பக்கமும் இருந்து கிடுக்கி மாதிரி பிடித்து நிறுத்தும். தண்ணீர் பட்டாலும் சுற்றுகிற வேகத்தில் சிதறிப்போகும். எங்கள் வண்டியில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் இருந்தது. பின்சக்கரங்களுக்கு டிரம்தான். இந்த நாட்டில் பெரும்பாலான வண்டிகள் இப்போது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பிலோமினாவிடம் சொன்னேன். "பின்னாடியும் டிஸ்க் மாத்தப் போறேன்."

அவள் சமையல் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என் மனைவிக்கு பிரேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சவரி நெனப்பு வந்துட்டுதா?" என்றாள்.

2

சவரிமுத்து என் தம்பி. எங்கள் வீடு திண்டிவனத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். நான் விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராகச் சேர்ந்து, கல்யாணமாகி, அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். சவரி அம்மாவோடு திண்டிவனத்தில். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டி முதலாளி ஒருவருடைய கறுப்பு பிளஷர் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் போவான். சவாரி இல்லாத நேரத்தில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சாப்பிடுவான். தெரேசாவுக்கு அப்போது நாலு வயது இருக்கும். அவளை மடியில் உட்காரவைத்து ரப்பர் ஹாரனை அமுக்கச் சொல்வான். தெருவே எழுந்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நிற்கவே இல்லை. ஒரு நாள் பிற்பகல் விழுப்புரத்திலிருந்து புருஷன் பெண்சாதி இருவர், காய்ச்சலில் துவண்டு கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்தார்கள். திண்டிவனத்தில் அவர்களுக்குத் தெரிந்த டாக்டர் இருந்தார். அங்கேதான் போக வேண்டும் என்றார்கள். விக்கிரவாண்டிக்கு அந்தண்டை ரோட்டின்மேல் தண்ணீர் ஓடுகிறது என்று பஸ்காரர்கள் சொல்லியிருந்தார்கள். சவரி தயங்கினான். குழந்தையின் தாய், "ஜல்தி எடுப்பா, உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் எடுத்தான்.

தண்ணீரைத் தாண்டி வந்துவிட்டான். தாண்டியதும் எந்த டிரைவரும் செய்வதைச் செய்தான். காலால் பிரேக்கை லேசாக அமுக்கிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டினான். உரசிச் சூடேறி ஈரம் காயும். பிறகு அமுக்கிப் பார்த்தான், பிடித்தது. சரி என்று வேகத்தைக் கூட்டினான்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் மேற்கேயிருந்து ஒரு வண்டிப்பாதை வந்து ரோட்டில் சேர்கிறது. பனமலைப் பக்கத்து ஊர்க்காரர்கள் அதன் வழியாகத்தான் வருவார்கள். கோவிந்தன் என்ற இளைஞன், சைக்கிளுக்குப் பின்னால் மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஏறினான். சவரி பிரேக்கை அழுத்தினான். இந்தத் தடவை பிடிக்கவில்லை. முழுப் பலத்தோடு மிதித்தும் வண்டி போய்க்கொண்டே இருந்தது.

சவரி ஓடிப்போகவில்லை. கோவிந்தனைத் தூக்கி அதே காரின் பின்சீட்டில் படுக்கவைத்தான். குழந்தையின் தாய் தன் குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, கோவிந்தன் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். அப்படியே திண்டிவனம் வந்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. கோவிந்தன் வழியிலேயே போய்விட்டான்.

3

இங்கே நான் வேலை செய்வது கார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். பக்கத்து மெஷினில் ஜார்ஜ். கார் என்றால் அவனுக்கு உயிர். பின்சக்கரத்துக்கு டிஸ்க் மாற்றப் போகிறேன் என்றதும் அவன் சிரித்தான்.

"பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரமெல்லாம் முன்னால் போய்விடும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. பின்னால் டிரம் இருந்தாலே தாராளம்" என்றான். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "அதுவும் இல்லாமல், பின்னால் அதிகமாகப் பிடித்தால் ஈர ரோட்டில் வண்டியின் வால் சுழன்றுவிடும். தெரியும் இல்லையா?" என்றான்.

தெரியும் என்றேன். அவன் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே என்னைப் பழைய கார்கள் குவித்து வைத்திருக்கும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனான். முன்பக்கம் நசுங்கிப்போன பெரிய கார் ஒன்று கிடந்தது. அதன் பின்சக்கரங்களில் டிஸ்க் இருந்தது. ஹேண்ட் பிரேக்குக்கென்று தனியாகச் சின்னக் கிடுக்கியும் இருந்தது. டிஸ்க் மாற்றுகிறவர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. கால் பிரேக்கை எப்படியாவது அமைத்துவிடலாம், நிறுத்தி வைக்கும் பிரேக்குக்கு வழி இருக்காது. அதனால் அந்தச் சின்னக் கிடுக்கிகளைப் பார்த்ததும் ஜார்ஜுக்கு ஒரே சந்தோஷம். நானோ அந்த நசுங்கிய முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டியில் இப்படி ஏதாவது மாற்றினால் இன்சூரன்ஸ் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். ஃபாரம் ஒன்று கொடுத்தார்கள். 'மாற்றத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். யோசித்து யோசித்து 'மழை' என்று எழுதினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு, "மழையா?" என்றாள்.

"தண்ணீர் போனால் பிரேக் கேட்ச் ஆகாது" என்றேன்.

"எதைக் கேட்ச் செய்யாது?" என்றாள் அவள். "தீப்பிடித்துவிட்டதா?"

நம் பேச்சில் பிரேக் பிடிக்கும், அல்லது பிடிக்காது. அதை அப்படியே 'கேட்ச்' என்று இங்கிலீஷில் சொன்னால், பந்தைப் பிடிப்பதும் தீப்பிடிப்பதும்தான் இவர்களுக்குத் தோன்றுகிறது. எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவளே காரணத்தை அடித்துவிட்டு 'முன்னேற்றம்' என்று எழுதி முத்திரை குத்தினாள்.

இந்த வார்த்தை எங்கள் வீட்டிலேயே முன்பு ஒரு தடவை தடுக்கியது உண்டு. நாங்கள் இங்கே வந்து இரண்டு வருஷம் இருக்கும். நானும் பிலோமினாவும் சவரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தெரேசா பள்ளிக்கூட இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "சித்தப்பாவுக்கு ஏன் பிரேக் பிடிக்கல? எனக்கு முட்டைக்கோஸ் பிடிக்காத மாதிரியா?" என்று கேட்டாள்.

பிலோமினா சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்தக் குழந்தைக்கு நாங்கள் எந்தப் பதிலும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவளும் தமிழில் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள்.

4

விபத்து நடந்து சில நாள் கழித்து மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். அதற்குள் மழை நின்று நல்ல வெயில். பிரேக் முரட்டுத்தனமாகப் பிடித்தது. அவர் கண்டதை அவர் எழுதினார், பிரேக்கில் குறை எதுவும் இல்லை என்று. அதுவே சவரிக்கு எதிராகப் போய்விட்டது. பிரேக் நன்றாக இருந்தால் டிரைவர்மேல்தானே தப்பு?

கேஸ் விழுப்புரம் கோர்ட்டில் நடந்தது. நான் ஷெட்டில் லீவு போட்டுவிட்டுப் போவேன். அம்மா திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஜெபமாலையை முந்தானைக்குள் உருட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். வராந்தாவின் மறு கோடியில் கோவிந்தனின் தாய் முனியம்மா உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷனுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். கோவிந்தன் அவர்களுக்கு ஒரே பிள்ளை.

கடைசியில் அந்தக் குழந்தையின் தகப்பன் வந்து சாட்சி சொன்னார். ரோட்டில் தண்ணீர் ஓடியதையும், சவரி பிரேக்கில் காலை வைத்து ஈரத்தைக் காயவிட்டு ஓட்டியதையும், தாங்கள் அவசரப்படுத்தியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சவரி குற்றவாளி இல்லை என்று தீர்ப்பாயிற்று.

அம்மா அன்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மறுநாள் காலை சவரி வீட்டில் இல்லை.

அவன் போனது முனியம்மாவின் ஊருக்கு. மன்னிப்புக் கேட்கப் போனானா, வேறு எதற்காவது போனானா, தெரியாது. போய் வாசலில் நின்றிருக்கிறான். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அப்போது மல்லாட்டை பிடுங்கும் பருவம். அவர்கள் நிலத்தில் மட்டும் ஆள் இல்லாமல் செடி நின்றுகொண்டிருந்தது. சவரி இறங்கிப் பிடுங்க ஆரம்பித்தான். அது முடிய உழவு வந்தது. உழவு முடிய விதைப்பு. மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டான்.

அம்மா அவனைக் கூட்டிவரப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். முனியம்மா முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"எம் புள்ளய அனுப்பிடும்மா" என்றாள் அம்மா. "அவனுக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"நானா கட்டி வச்சிக்கினு இருக்கேன்? கூட்டிக்கினு போ."

"நீ ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவான்."

முனியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எம் புள்ளய யாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லி நான் கூட்டிக்கினு வருவேன்?" என்றாள்.

சவரி கிணற்றடியில் நின்றிருந்தான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அடித்தாள், காலில் விழப்போனாள். அவன் அழுதான், ஆனால் வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா சொன்னாள். "அவ புள்ள செத்துப்பூட்டான். எம் புள்ள உசுரோட இருக்கான். ரெண்டு பேருக்கும் புள்ள இல்ல."

அதற்கு அடுத்த வருஷம் எனக்கு இங்கே வர வழி கிடைத்தது. ஷெட்டில் கூட வேலை செய்த ஒருவர் முன்பே வந்திருந்தார், அவர் ஏற்பாடு. கப்பல் ஏறுவதற்கு முன் சவரியைப் போய்ப் பார்த்தேன். "போய் வாண்ணா. குளிர்ல காதைக் கட்டிக்கோ" என்றான்.

5

ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனேன், நான் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து. பிலோமினாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தெரேசா வர மறுத்துவிட்டாள். அங்கே எனக்கு யாரைத் தெரியும் என்றாள்.

விக்கிரவாண்டியில் இறங்கி நடந்தேன். சவரி வயலில் இருந்தான். கறுத்து, நரைத்து, என்னைவிட மூத்தவன்போல் இருந்தான். ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டான். வரப்பில் உட்கார்ந்தோம்.

"ஊருக்கு வந்துடு சவரி. அம்மாவுக்கு வயசாவுது."

"கேப்பை நட்டிருக்கேண்ணா. அறுத்துட்டு வர்றேன்."

"போன வருஷமும் அதத்தான் சொன்னியாம்."

"போன வருஷமும் நட்டிருந்தேனே."

எனக்குக் கோபம் வந்தது. "உம்மேல தப்பு இல்லன்னு கோர்ட்டே சொல்லிடிச்சி. இன்னும் எதுக்கு இந்த பேஜாரு?" என்றேன்.

"தப்புன்னு யாருண்ணா சொன்னது? நான் காய வச்சிதான் ஓட்டினேன். ஒரு வாட்டி பிடிச்சிது, மறு வாட்டி பிடிக்கல. என் தப்பு இல்ல." அவன் ஒரு மண்கட்டியை விரலால் நொறுக்கினான். "தப்பு இல்லன்னா, செத்தவன் ஊட்டுல யாருண்ணா ஏர் ஓட்டறது?"

பேச்சை மாற்ற நினைத்து இங்கத்துக் கார்களைப் பற்றிச் சொன்னேன். டிஸ்க் பிரேக் பற்றிச் சொன்னதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பழைய டிரைவர் கண்ணில் வந்துவிட்டான். எப்படிப் பிடிக்கும், எங்கே மாட்டியிருக்கும் என்று கேட்டுக் குடைந்தான். குச்சியால் ஈர மண்ணில் வரைந்து காட்டச் சொன்னான். வரைந்தேன். அவனே குச்சியை வாங்கி, கிடுக்கி எந்தப் பக்கம் வரும் என்று போட்டுப் பார்த்தான்.

"தண்ணி பூந்தா?"

"சுத்தற வேகத்துல தெறிச்சிடும். பிடிக்கும்."

"எப்போண்ணா வந்திச்சி இது?"

"இப்பதான், சில வருஷமா எல்லா வண்டியிலயும் போடறாங்க. ரேஸ் வண்டிக்கெல்லாம் அதுக்கு முன்னாடியே போட்டாங்களாம்."

"நம்ம வண்டி அடிச்சிதே, அந்த வருஷமா?"

"அதுக்கு முன்னயே."

அவன் குச்சியைக் கீழே வைத்தான். எழுந்து போய் மாட்டை அவிழ்த்துவிட்டான்.

மத்தியானம் முனியம்மா சோறு போட்டாள். அவள் புருஷன் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் சவரியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "டைவரு" என்றுதான் கூப்பிட்டாள். அவன் கைகழுவப் போனபோது என் பக்கமாக வந்து குரலைத் தணித்தாள்.

"இவன் மேல எனக்குக் கோவம் போவல, தம்பி. வாசப்படில இவன் நெழலு வுழுந்தா வவுறு எரியுது. ஆனா இவன் துன்னாம இருந்தா எனுக்கு சோறு எறங்க மாட்டுது. இதுக்கு என்னா பேரு? நீ தான் சீமைக்கெல்லாம் போயி வந்திருக்கியே, சொல்லு."



6

வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கிகளின்மேல் ஏற்றி, டிரம்களைக் கழற்றிப் போட்டிருந்த சமயத்தில் தந்தி வந்தது. நான் வண்டிக்கடியில் இருந்தேன். தெரேசாதான் வாங்கிப் படித்தாள். குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து, "டாட், சவரிமுத்து எக்ஸ்பயர்டு என்று இருக்கிறது. சவரிமுத்து யார், சித்தப்பாதானே?" என்றாள்.

மஞ்சள்காமாலை. முற்றிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. பிளேன் பிடித்தால்கூட அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. அன்று மாலை பிலோமினா பக்கத்துக் கோயிலில் தம்பியின் பெயரால் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தாள். பூசை வைத்த சாமியாருக்குப் பெயர் வாயில் நுழையவில்லை. பலிபீடத்தில் நின்று என் தம்பியை வேறு யாரோபோல் கூப்பிட்டார்.

சில வாரம் வண்டி அப்படியே நின்றது. பிறகு நானே போய் எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிடுக்கியைப் பிடிக்க இரும்புத் தகட்டில் தாங்கு வெட்டி மாட்டினேன். ஜார்ஜ் சொன்னபடி, பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றையும் குழாயில் சேர்த்தேன். கடைசி வேலை குழாயில் இருக்கும் காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அழுத்த, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். தெரேசாவைக் கூப்பிட்டேன்.

"அமுக்கு" என்றேன். அமுக்கினாள். "விடு." விட்டாள். அந்த இரண்டு தமிழ் வார்த்தையும் அவளுக்குப் புரிந்தது.

அப்படியே வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். நடுநடுவே அமுக்கு, விடு. கோவிந்தன் பின்சீட்டில் கிடந்ததைச் சொன்னபோது பெடல் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு தானாகவே அமுங்கியது.

"யார்மேல் தப்பு, டாட்?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"யார்மேலும் இல்லை."

"அப்படியானால் அவர் ஏன் அங்கே போனார்?"

அதற்கு இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை. தமிழில் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்காது.

இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தினாள். என் தோளில் ஒட்டியிருந்த கறையைத் துடைத்துவிட்டாள். "பாவம் அவர். எனக்கு அவர் முகம்கூட ஞாபகம் இல்லை" என்றாள். "ஆனால் டாட், இந்த வண்டியில் இதை மாட்டி அதைச் சரிசெய்ய முடியாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன். "இன்னொரு தரம் அமுக்கு."

7

அடக்கம் எப்படி நடந்தது என்பது அம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு டீச்சர் எழுதிய கடிதத்தில் வந்தது. சவரியை முனியம்மாவே மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, வைக்கோல் மெத்தையில் கிடத்தி, திண்டிவனம்வரை வந்திருக்கிறாள். வாசலில் இறங்கி அம்மாவிடம் சொன்னாளாம்: "உம் புள்ளயக் கொண்டாந்துட்டேன்."

அம்மா அவளை ஏசவில்லை. அவ்வளவு வருஷம் ஏசி வைத்திருந்ததெல்லாம் அப்போது வாயில் வரவில்லையாம். கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் அம்மாவை மண் போடச் சொன்னார். அம்மா இரண்டு கையிலும் மண்ணை அள்ளி, ஒரு கை மண்ணை முனியம்மா கையில் கொடுத்தாள்.

சாயந்திரம் முனியம்மா வண்டி பூட்டுவதற்கு முன்னால் அம்மா கேட்டிருக்கிறாள். "அந்தக் காட்டுல ஒண்டியா என்னா பண்ணப் போற? இங்கியே இருந்துடு."

முனியம்மா மாட்டேன் என்றாளாம். "ரெண்டு பேரும் ஒரே ஊட்ல இருந்தா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினே செத்துப் பூடுவோம்."

ஆனால் அடுத்த மல்லாட்டைப் பருவத்தில் அம்மா அந்த ஊருக்குப் போனாள். என் அம்மா வாழ்நாளில் வயலில் இறங்கினவள் அல்ல. பிடுங்கத் தெரியாது, முதுகும் வளையாது. பிடுங்கிப் போட்ட செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் ஆய்ந்து கொடுத்தாளாம். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை என்று டீச்சர் அடுத்த கடிதத்தில் தன் கணக்கில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

8

வண்டியை வருஷாந்தரப் பரிசோதனைக்கு எடுத்துப் போனேன். பரிசோதகர் ஒரு சின்ன மீட்டரை வண்டிக்குள் கீழே வைத்து, வேகமாக ஓட்டி, பிரேக் போட்டுப் பார்த்தார். சமமாகப் பிடிக்கிறது, நல்ல வேலை என்றார். யாருக்காக என்று கேட்டார். மகளுக்கு என்றேன்.

தெரேசா லைசென்ஸ் வாங்கினாள். வடக்கே தூரத்துக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. வண்டியை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டோம். ஒரு தூறல் நாளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். தண்ணீரைத் தாண்டினால் பிரேக்கை லேசாக அமுக்கிக்கொண்டே போ என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். "டிஸ்க்தானே டாட், தேவையில்லை" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஏறினாள்.

முதலில் வாரம் ஒரு முறை போன் பண்ணினாள். பிறகு மாதம் ஒன்று. ஈஸ்டருக்கு வருவாள் என்று பிலோமினா கேழ்வரகு மாவு தேடி எங்கெங்கோ அலைந்து வாங்கி வைத்தாள். வரவில்லை, சிநேகிதர்களோடு எங்கோ மலைக்குப் போய்விட்டாள். போன வாரம் போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். வண்டியை விற்றுவிட்டாளாம். பெரிதாக இருக்கிறது, நகரத்துக்குள் நிறுத்த இடம் கிடைப்பதில்லை, சின்னதாக ஒன்று வாங்கியிருக்கிறேன் என்றாள். நல்ல வண்டி, கவலைப்படாதீர்கள் என்றாள்.

பின்சக்கரத்தில் என்ன பிரேக் என்று கேட்டேன்.

"தெரியவில்லையே, பார்க்கவில்லை" என்றாள்.

வாங்கியவர் யார் என்று கேட்டேன். பேப்பரில் விளம்பரம் பார்த்து வந்த ஓர் ஆள், பேர் ஞாபகமில்லை என்றாள். பிறகு அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். போனைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். நல்ல மழை. அந்த வண்டி இப்போது எந்த ஊரில் ஓடுகிறதோ, யார் காலுக்குக் கீழே அந்தப் பெடல் இருக்கிறதோ. அதன் பின்சக்கரத்தில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவன் முன்னால் யாராவது சைக்கிளில் ரோட்டில் ஏறினால், வண்டி நின்றால் போதும்.